கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள்

ஜூன் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரயிலில் உட்கார்ந்தே வந்த இடுப்பு மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வருகிறது என்பதால்தான் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தோம். எழுதினால் கோபத்தை அடித்துத் திருத்தலாம் இல்லையா, பார்ப்போம்.

விடுதி அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக் குழாய்தான் தெரிகிறது. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் கீழ்த்தளத்தில். ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி என்று பெயர், வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது வீட்டிலிருந்து ஒரு வருட விடுமுறை. நான் அப்படி வரவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் ஆற்று மன்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என் ஏழாம் வகுப்புக்கு வருகிறேன். யாரோ ஒருத்தி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து வேர் விடுவதைவிட, நீ போனால் என் இடம் பத்திரமாக இருக்கும் என்றுதான் தலைமை ஆசிரியரிடம் உன்னைச் சொன்னேன். வேதியியல் படித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த உனக்கும் ஒரு வேலை. சுவரில் நான் ஒட்டிய ஆற்றுப் படத்தை எடுக்காதே. நதி மாசுக்கான எட்டுக் காரணங்களையும் வரிசை மாறாமல் சொல்லிக்கொடு. பிள்ளைகளிடம் ரொம்பக் குழையாதே. முன் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று கேட்பாள், கேள்விக்குறி என்று கூப்பிடுவோம். அவளை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள். அவள் என் பிள்ளை.

தண்ணீர்ச் சோதனை உனக்குத் தெரியும். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மருந்துக் காகிதம் போட்ட குப்பியில் ஊற்றி வைத்தால், சாக்கடை கலந்த தண்ணீர் இரண்டு நாளில் கறுத்துவிடும். பாட்டில் கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அப்படியே கவிழ்த்துக் காயவை. மறுபடி சாதாத் தண்ணீர் விட்டு அலசாதே, அதிலிருந்து கிருமி ஒட்டிக்கொள்ளும். இது நானாகக் கண்டுபிடித்த முறை. ஐந்து வருடமாக ஆற்றுத் தண்ணீர் கறுக்கும், கிணற்றிலிருந்து வரும் நம் பள்ளிக் குழாய்த் தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

இப்படிக்கு,
அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் அம்மா இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறாள். உன் இடுப்பு உன்னோடு சமாதானம் ஆகிவிட்டதா?

முதல் நாள் எட்டுக் காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன், நாலாவதிலேயே கடைசிப் பெஞ்சில் ஒருவன் குறட்டை விட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எல்லோரும் சிரித்தோம். அடுத்த நாள் வேறு மாதிரி செய்தேன். உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறதோ, அதன் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் கதை கதையாகக் கொண்டுவந்தார்கள். ஒருவன் வீட்டுத் தண்ணீர் சலவைக்கடைத் தண்ணீரோடு சேர்ந்து நுரை நுரையாக ஆற்றில் விழுகிறதாம். அவன் முகத்தில் ஒரு பெருமை, தன் வீட்டுத் தண்ணீர் அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று.

கேள்விக்குறிதான் குழம்பிப்போய் வந்தாள். அவள் தெருச் சாக்கடை நேரே ஆற்றுக்குப் போகவில்லை. நம் பள்ளிக் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் ஒரு கல்லுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் பாதியாகத்தான் வெளியே வருகிறதாம். "மீதி எங்க போச்சு டீச்சர்?" என்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

இப்போது பள்ளியில் உன்னைப் 'பெரிய டீச்சர்' என்கிறார்கள், என்னைச் 'சின்ன டீச்சர்'. நன்றாக இருக்கிறது இல்லையா?

அம்மா சொல்லச் சொன்னது: "சின்னவ சமையல் வாய்க்கு ருசியா இருக்குன்னு எழுது. பெரியவ கோவிச்சுக்க மாட்டா."

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
சின்னவள்

ஜூலை 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். நீங்கள் இரண்டு பேரும் என்னைவிட நலம் என்று தெரிகிறது, சந்தோஷம்.

பெரியவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அம்மாவிடம் யார் சொன்னது? இத்தனை வருடமாக என் சமையலைச் சாப்பிட்டு ஒரு நாளாவது ருசி என்று சொன்னாளா என்று கேள்.

பெரிய டீச்சராம். நான் கிளம்பும்போது வெறும் டீச்சர். டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான்தான், வேறு யாரையும் கூப்பிடப் பாட்டு டீச்சர், கணக்கு டீச்சர் என்று முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இப்போது எனக்கு ஒரு 'பெரிய' வந்து ஒட்டிக்கொண்டது. அது மரியாதை இல்லை, இன்னொருத்தி வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம். உனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

சாக்கடைக்குப் பின்னால் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாய். பாடத்தில் இருக்கிறதா அது? எவனாவது வழுக்கி விழுந்தால் பெற்றவர்கள் வந்து என் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள். கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் கல்லை நானும் பார்த்திருக்கிறேன். மழைத்தண்ணீர் போகிற வழி அது. அவளுக்குப் பாதி, மீதி என்று ஆராய்ச்சி எல்லாம் சொல்லிக்கொடுக்காதே.

காலையில் வாசலில் இருந்து ஆசிரியர் அறைவரை கேள்விக்குறி என்னோடுதான் பேசிக்கொண்டே நடப்பாள். இப்போது யாரோடு நடக்கிறாள்?

இங்கே என் அறைத்தோழி ஓயாமல் தன் மாணவர்கள் அனுப்பும் வாழ்த்து அட்டைகளை எடுத்துக் காட்டுகிறாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மா சொல்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

ஆகஸ்டு 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே அம்மா சுகம். எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிளீச்சிங் பவுடர் வாடை எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும், டப்பாவைத் திறந்தாலே தும்மல் நிற்காது. அதனால் பாட்டில்களை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவினேன். பிள்ளைகள் ஆற்றில் ஒரு பாட்டில், பள்ளிக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்தார்கள். குப்பிகளில் ஊற்றி அலமாரியில் வைத்தோம். இரண்டாவது நாள் பார்த்தால் ஆறு மட்டும் இல்லை, குழாயும் கறுத்திருந்தது. கரி மாதிரி, அக்கா. என் கைதான் சரியில்லை என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் கறுப்பு. நம் வீட்டுத் தண்ணீரையும் கூடவே வைத்தேன், அது தெளிவாக நின்றது.

அந்தக் கல்லுக்கு அடியில் போன பாதிச் சாக்கடை எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். அவர் குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா இருந்தவரைக்கும் அஞ்சு வருஷமா நல்லா இருந்த தண்ணி, நீங்க வந்ததும் கெட்டுப்போச்சா?" என்கிறார். "ஜனவரியில ஆற்றுக் கண்காட்சி வருது, பெரிய அதிகாரிங்க எல்லாம் வருவாங்க. நம்ம குழாய்த் தண்ணியதான் நல்ல தண்ணின்னு நடுவுல வைக்கப் போறோம். உங்க அக்கா என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, அதுவரைக்கும் மூடி வைக்கிறேன்" என்று பெரிய மனது பண்ணிக் குழாயை மூடியிருக்கிறார். பிள்ளைகளை வீட்டில் இருந்து காய்ச்சிய தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

அன்புடன்,
சின்னவள்

ஆகஸ்டு 15

சின்னவளுக்கு,

நான் சௌக்கியம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. சின்ன வயதில் இருந்து நீ கழுவிய டம்ளரை அம்மா இன்னொரு தடவை கழுவித்தான் அடுக்குவாள். கொதிக்கவைத்தாளாம். கொதித்த பாட்டிலை எந்தத் துணியால் துடைத்தாய்? எந்தக் கையால் தூக்கினாய்? உன் கையில் இருந்த அழுக்கு குப்பிக்குள் போய்க் கறுத்திருக்கிறது, நீ கிணற்றின் மேல் பழி போடுகிறாய்.

ஐந்து வருடம். ஒரு தடவைகூடக் கறுக்காத தண்ணீர். அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளுக்கு, "இதுதான் நல்ல தண்ணி, இதை எப்படிக் காப்பாத்தணும்னு கத்துக்கங்க" என்று சொல்லியிருப்பேன். அதையெல்லாம் இரண்டு மாதத்தில் கவிழ்த்துவிட்டு, நான் வந்தேன், கண்டுபிடித்தேன் என்று பெயர் எடுக்கப் பார்க்கிறாயா? வந்த இடத்தில் வாலை ஆட்டாமல் இருக்க உனக்குத் தெரியாது.

தலைமை ஆசிரியருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். என் முறைப்படி கழுவிய பாட்டிலில், அவர் கண் முன்னால் சோதனை செய். தும்மல் வந்தால் மூக்கைக் கட்டிக்கொள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை வருகிறது. அதற்குமேல் யோசித்து யோசித்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். மூக்கைக் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் தண்ணீரில் குலுக்கி, அலசாமல் கவிழ்த்தேன். தலைமை ஆசிரியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்துக் குழாய்த் தண்ணீர் தெளிவாகவே நின்றது. ஆற்றுத் தண்ணீர் எப்போதும்போலக் கறுத்தது. குழாயைத் திறந்துவிட்டார்கள். அவர் குப்பியை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்க் காட்டினார். "பெரிய டீச்சர் பெரிய டீச்சர்தான்" என்று யாரோ சொல்ல, ஆசிரியர் அறையில் சிரிப்பு. நானும் பல்லைக் காட்டினேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

கேள்விக்குறி மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், தண்ணி மாறலையே, பாட்டில்தானே மாறுச்சு?" என்று கேட்டாள்.

அதுதான் எனக்கும் உறைத்தது. நீ சொன்னபடி கழுவிய பாட்டிலை முகர்ந்தால் இன்னும் அந்த வாடை வருகிறது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் பவுடர், நாம் பிடிக்கிற தண்ணீரில் இருக்கும் கிருமியைக் கொன்றுவிடுகிறதோ? ஆற்றில் அழுக்கு அதிகம் என்பதால் அதனிடம் அந்தக் கொஞ்சம் பவுடர் எடுபடவில்லையோ? நான் சொன்னால் என் அழுக்குக் கையைக் காட்டுவார்கள். நீ அங்கே பரிசோதனைக்கூடத்திலேயே இருக்கிறாய். அங்கே பாட்டிலை எப்படிக் கழுவுகிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுது. நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும், குழாயை மூடிவிடுவார்கள்.

உன்னோடு சண்டை போட எழுதவில்லை அக்கா. பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

அன்புடன்,
சின்னவள்

அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? போன் செய்தாலும் எடுக்கவில்லை. அம்மா தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறாள்.

அம்மா சொல்லச் சொன்னது: "ஒரே வயித்துல பொறந்துட்டு ஒரு பாட்டிலுக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கமாக இல்லை. பயமாக இருக்கிறது. நான் கேட்டதை மறந்துவிடாதே.

சின்னவள்

அக்டோபர் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது, வேலை அதிகம். நீயும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நல்ல குளிர். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. அறைத்தோழிக்கு மேலும் இரண்டு அட்டைகள் வந்தன. போன வாரம் எல்லோரையும் ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆற்றில் இருந்து கலங்கலாக உள்ளே வருகிற தண்ணீர் தொட்டி தொட்டியாகத் தெளிந்துகொண்டே போகிறது, பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. நம் பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, நீ ஏற்கெனவே வேறெங்காவது அழைத்துப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சிக்கு என்னை வரச்சொல்லித் தலைமை ஆசிரியர் எழுதியிருக்கிறார். வரப் பார்க்கிறேன். என் ஆற்றுப் படம் சுவரில் இருக்கிறதா?

நீ ஏதோ கேட்டிருந்தாய். மாதிரித் தண்ணீர் எடுப்பது பற்றி இங்கே வகுப்பு நடந்தது, அன்று எனக்குத் தலைவலி, பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இதில் பல முறைகள் இருக்கின்றன. கடிதத்தில் விளக்க முடியாது, நேரில் பேசிக்கொள்ளலாம்.

குளிரில் அம்மாவுக்குக் காலுறை போட்டுவிடு.

இப்படிக்கு,
அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். கேள்விக்குறி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

போன வாரம் முழுக்க வாந்தி. ஆறாவதிலும் ஏழாவதிலும் பாதிப் பெஞ்சு காலி, எல்லோருக்கும் வயிறுதான். மற்றவர்கள் தேறி வந்துவிட்டார்கள், இவளுக்கு மட்டும் கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கட்டிலில் தலையணை பெரிதாகத் தெரிகிறது, அவள் தெரியவில்லை. டாக்டர் எங்கே தண்ணீர் குடித்தாய் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில், என் வகுப்புக்குப் பிறகு காய்ச்சித்தான் குடிக்கிறார்கள், அவளே அடுப்புப் பக்கத்தில் நின்று கொதிக்கிறதா என்று பார்ப்பாளாம். அவள் வெளியே குடித்த ஒரே இடம் நம் குழாய்.

"நீதானே பாட்டில் மாறுச்சுன்னு சொன்ன, அப்புறம் ஏம்மா குடிச்ச?" என்று கேட்டேன். "பெரிய டீச்சர் சரின்னு சொல்லிட்டாங்கல்ல டீச்சர். அவங்க தப்பா சொல்ல மாட்டாங்கன்னு குடிச்சேன்" என்றாள்.

தலைமை ஆசிரியரிடம் போய் நின்றேன். அவள் தெருவே அழுக்கு என்கிறார். குழாய் திறந்தேதான் இருக்கிறது. நான் தினமும் அதன் பக்கத்தில் காவலுக்கு நின்று பிள்ளைகளைத் துரத்துகிறேன், பைத்தியம் என்கிறார்கள்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். சாப்பாடு, குளிர், அட்டை எல்லாம் எழுதினாய். நான் உன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட மாட்டேன். பதில் சொல்.

சின்னவள்

நவம்பர் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். குழாயை மூடச் சொல்லித் தலைமை ஆசிரியருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். இதோடு அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: இங்கே நான் செய்த பரிசோதனைகளில், பிளீச்சிங் பவுடரால் கழுவி அலசாத பாட்டில் தவறான முடிவைக் காட்டும் என்று கண்டறிந்தேன். ஐந்து வருடமாக நான் சொல்லிக்கொடுத்த முறை தவறு. பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கிணற்றுச் சுவரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம்.

கேள்விக்குறி எப்படி இருக்கிறாள்? தினமும் ஒரு வரியாவது எழுது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு என்ன வேண்டுமோ வாங்கிக்கொடு.

படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அக்கா

நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. கேள்விக்குறி வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் பள்ளிக்கு வரவில்லை, கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டது. அம்மா நலம். நீ சாப்பிடுகிறாயா?

கிணற்றுச் சுவரைத் தோண்டினார்கள். உள்பக்கம் கை நுழைகிற வெடிப்பு. காணாமல் போன பாதிச் சாக்கடை நேரே உள்ளேதான் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது சாக்கடையைத் திருப்பிவிட்டு, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்கிறார்கள். குடிக்க வெளியே இருந்து லாரியில் தண்ணீர் வருகிறது.

உன் கடிதத்தைத் தலைமை ஆசிரியர் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல். "தான் செஞ்ச தப்ப தானே கண்டுபிடிச்சுச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்காட்சியில் நடுவில் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக உன் கடிதத்தைப் பெரிதாக எழுதி வைக்கப்போகிறார்களாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. மூன்று மாதம் நான் தொண்டை கிழியக் கத்தினேன், பைத்தியம் என்றார்கள். நீ தப்புச் செய்தாலும் கைதட்டுகிறார்கள். சின்ன வயதில் நீ உடைத்த தட்டுக்கு நான் அடி வாங்கியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்க. எதற்குத் தட்டினேன் என்று இன்னும் புரியவில்லை.

சாயங்காலம் கேள்விக்குறி வீட்டுக்குப் போய், உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். அவள் கைதட்டவில்லை. "பெரிய டீச்சருக்கு எப்ப தெரிஞ்சுதாம்?" என்று கேட்டாள்.

நான் கடிதத்தை மறுபடி பார்த்தேன். அதில் நீ எப்போது என்று எழுதவில்லை. உன் அக்டோபர் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது, அந்தத் தலைவலிக் கடிதம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. தெரியாது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் கேள்வியைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
சின்னவள்

டிசம்பர் 2

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

டீச்சர் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு பிடிக்கிறதா? எழுந்து நடக்கும்போது தலை சுற்றுகிறதா?

நீ சின்ன டீச்சரிடம் கேட்டதை அவர் எனக்கு எழுதினார். அவருக்குப் பதில் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்குச் செப்டம்பர் மாதமே தெரியும். பாட்டில்தானே மாறியது என்று நீ கேட்டதைச் சின்ன டீச்சர் எழுதி அனுப்பிய கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. அன்று காலை வகுப்பில் எங்கள் பயிற்சியாளர், கொஞ்சம் சாக்கடை கலந்த ஒரே தண்ணீரை இரண்டு நாள் முன்னால் இரண்டு பாட்டிலில் பிடித்ததாகச் சொன்னார். ஒன்று கொதிக்கவைத்துக் கழுவியது. இன்னொன்று என் முறைப்படி கழுவியது. அவற்றிலிருந்து ஊற்றி வைத்திருந்த குப்பிகளைக் காட்டினார். ஒன்று கறுப்பு, ஒன்று தெளிவு. "இப்படிக் கழுவினா சாக்கடை கலந்த தண்ணியக்கூட நல்ல தண்ணின்னு காட்டிடலாம்" என்று வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் குழாயை மூடியிருப்பார்கள். ஏன் எழுதவில்லை என்று நீ அடுத்துக் கேட்பாய். சின்ன டீச்சர் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் அவரோடு சிரிப்பதும், அவர் பின்னால் ஊரெல்லாம் சாக்கடை பார்க்கப் போனதும், காலையில் நீ அவரோடு பேசிக்கொண்டு நடப்பதும் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று என் கையால் எழுத மனம் வரவில்லை. தள்ளிப்போட்டேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது, தேடிப் பார்த்தேன். நான் தள்ளிப்போட்ட நாட்களில்தான் நீ என்னை நம்பிக் குடித்தாய்.

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. நீ கண்டுபிடித்தாய், சின்ன டீச்சர் புரிந்துகொண்டார். தலைமை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அதையும் என் பெயரில் எழுதிக்கொண்டேன். கைதட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

மன்னித்துவிடு என்று கேட்டால், சரி டீச்சர் என்று சொல்லிவிடுவாய், நீ அப்படித்தான். அதனால் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உன்னுடையது. கண்காட்சியில் பெரிய கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதா, கிழித்துப் போடுவதா என்று நீ முடிவு செய். நான் ஜனவரியில் வருகிறேன். வகுப்பில் படிக்க நினைத்தால் நான் வந்த பிறகு, என்னை முன்னால் நிறுத்திவைத்துப் படி.

இப்படிக்கு,
உன் அறிவியல் டீச்சர்